48 லட்சத்துக்கு ஒரு போட்டு

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் கொச்சி தோப்பும்படியிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் வந்தது. அங்கே கட்டிக் கிடக்கிற ஒரு போட்டை, அதாவது விசைப்படகை, விற்கப் போகிறார்கள், 62 அடி, மர உடம்பில் ஃபைபர் போர்த்தது, லேலண்ட் எஞ்சின், ஆயிரங்கால் தூண்டிலும் (ஒரே நீளக் கயிற்றில் நிறைய முள் கோத்தது) வலையும் சேர்த்து 48 லட்சம், கொஞ்சம் இறங்கி வருவார்கள், பார்க்கிறியா என்று கூட்டாளி கேட்டிருக்கிறார். இவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் உள்ளே வந்து என்னிடம், "கணக்கு நோட்டை எடு" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது ஈஸ்டர் வரைக்கும் போனது. இப்போது எல்லாம் முடிந்து ஆவணி பிறந்துவிட்டது, இந்த மாதிரி முடிவை எடுக்க வேண்டிய வீடுகள் எங்கள் கரையில் நிறைய இருக்கின்றன என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்து வள்ளவிளை. முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் நாங்கள். மேற்கே மார்த்தாண்டன்துறை, நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். கடலுக்கு எல்லைக்கல் கிடையாது, ஆனால் டீசலுக்கும் தடைக்காலத்துக்கும் பதிவுக்கும் உண்டு, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது 32 அடி ஃபைபர் வள்ளம், சின்னப் படகு, ரெண்டு அவுட்போர்டு எஞ்சின். வீட்டுக்காரர், கொழுந்தன், இன்னும் ரெண்டு பேர் போவார்கள். சாயங்காலம் போனால் விடியற்காலம் வருவார்கள், அல்லது விடியுமுன் போய் உச்சிக்கு வருவார்கள். சீசனைப் பொறுத்து விழிஞ்ஞத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கரை பிடிப்பார்கள். கணவாய், சாளை, அயலை, சில நாள் நெய்மீன், சில நாள் ஒன்றுமே இல்லாமல் எண்ணெய்க் காசுக்கும் வழியில்லாமல் திரும்புவது. ரெண்டு வருடமாக அந்தச் "சில நாள்" கூடிக்கொண்டே வந்தது. என் ஏழு பவன் நகை கூட்டுறவு வங்கியில் இருந்தது. மூத்தவள் நர்சிங் சேரப் போகிறாள். கையில் நெருக்கடி என்றால் இதுதான்.

அவர் ஏன் ஆசைப்பட்டார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் பக்கத்து எட்டு ஊர்க்காரர்களும் ஆழ்கடலுக்குப் பேர் போனவர்கள், தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் என்றால் கொச்சியிலும் முனம்பத்திலும் ஒரு மரியாதை உண்டு. சுறாவுக்கும் கேரைக்கும் (சூரை மீன்) ஒரு மாதம் கடலில் கிடந்து பிடித்து வருகிறவர்கள். அவருடைய அப்பாவும் அப்படிப் போனவர்தான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் போட்டில் பங்கு வைத்திருக்கிறார்கள். நாற்பத்து நாலு வயதாகிறது, இன்னும் பத்து வருடம்தான் உடம்பு தாங்கும், அதற்குள் ஒன்று செய்ய வேண்டும் என்று நினைக்கிற மனுஷனை யாரும் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முதலிலேயே மனசுக்குள் எடுத்துவிட்டு அதற்கேற்ற கணக்கைத் தேடக் கூடாது என்று மட்டும் ரெண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஜனவரியில் பார்க்கப் போனோம். நான், அவர், கொழுந்தன், கூடவே எங்கள் ஊர்த் தச்சு மேஸ்திரி ஒருவர். வயது எழுபதுக்கு மேல், கண் சரியாகத் தெரியாது. போட்டைப் பார்க்கக் கண் எதற்கு, காது போதும் என்று அவரே சொன்னார். அது எப்படி என்று அன்றைக்குப் பார்த்தேன். சின்னச் சுத்தியலின் மரப்பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு முன்னணியத்திலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளே மரம் திடமாக இருக்கிற இடத்தில் டக் டக் என்று கெட்டியான சத்தம். எஞ்சின் அறைக்கு நேர் கீழே, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, சத்தம் மாறியது, பொத் பொத் என்று, ஊறிய பலகையைத் தட்டுவது மாதிரி. அங்கேயே நின்று திரும்பத் திரும்பத் தட்டினார். பிறகு என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "மோளே, இதுக்குள்ள வெள்ளம் கேறியிருக்கு, ஃபைபர் வெளிய நல்லா இருக்கும், உள்ள பலக சொத்த" என்றார். பெயிண்டு புதுசு. நான் பார்த்தவரைக்கும் ஒரு கீறல் கிடையாது. எத்தனை பலகை மாற்ற வேண்டியிருக்கும் என்று கேட்டதற்கு, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பிரித்துப் பார்க்கிற செலவு யாருடையது? வாங்கினவனுடையது.

உடைமைக்காரர் நல்ல மனிதர், ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவராகத் தெரியவில்லை. ஒவ்வொரு வரவின், அதாவது கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையின், கணக்கும் எழுதின நோட்டைத் தந்தார். உப்புப் பட்டு ஓரமெல்லாம் மொரமொரவென்று இருந்த நோட்டு. 14 லட்சம், 12 லட்சத்து 60 ஆயிரம், 16 லட்சம், 11 லட்சம். கொழுந்தனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில். தடைக்காலம் முடிந்து கடல் இறங்கின உடனே வருகிற நல்ல மாதங்கள் அவை. ஜனவரி முதல் மே வரை உள்ள நோட்டு எங்கே அண்ணா என்று கேட்டேன். அது மகன் கையில் இருக்கும், தேடித் தரச் சொல்கிறேன் என்றார். வரவே இல்லை. பழைய போட்டு வாங்கப் போகிற யாரும் இதைக் கேட்காமல் வராதீர்கள். ஒரு முழு வருடக் கணக்கு, மோசமான மாதங்கள் உட்பட. அதைக் காட்ட முடியாவிட்டால் நோட்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து நாங்களே கணக்குப் போட்டோம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

அந்தப் போட்டு ஒரு தடவை போய் வர 25 முதல் 30 நாள். டீசல் 4,500 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் வீதம் 4 லட்சத்து 18 ஆயிரத்து 500. ஐஸ் 350 பார், 31,500. அரிசி, பலசரக்கு, குடிதண்ணீர், கேஸ் எல்லாம் 60,000. இரை 40,000. சில்லறை 10,000. ஆக 5 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயைக் கடலில் இறக்கின பிறகுதான் முதல் மீன் ஏறும். கரைக்கு வந்ததும் ஏலத்தில் தரகருக்கு 100க்கு 5. செலவும் தரகும் போக மிச்சத்தில் 40 போட்டுக்கு, 60 ஆட்களுக்கு, போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கோடு சேர்த்துப் பதினோரு பேர். இது அந்தப் போட்டில் உள்ள பேச்சு, துறைக்குத் துறை மாறும்.

இப்போது 9 லட்சத்துக்கு மீன் வருகிறது என்று வையுங்கள். ஊரில் கேட்டால் நல்ல பாடு, நல்ல மீன்பிடிப்பு, என்பார்கள். தரகு 45,000, செலவு 5,60,000, மிச்சம் 2,95,000. போட்டுக்கு 1,18,000. ஆட்களுக்குத் தலைக்கு 16,000 சொச்சம், ஒரு மாதம் கடலில் கிடந்ததற்கு. ஜூன், ஜூலை தடை, கரையேற்றிப் பெயிண்டு அடிக்க இருபது நாள், இவை போக வருடத்துக்கு எட்டுத் தடவை போகலாம். போட்டுப் பங்கு மொத்தம் 9 லட்சத்து 44 ஆயிரம். இதில் வங்கிக் கடன் தவணை மாதம் 40,000 வீதம் 4 லட்சத்து 80 ஆயிரம். கரையேற்றுகிற செலவு, எஞ்சின் வேலை, தூண்டில், கயிறு, வலை, இன்சூரன்ஸ், லைசென்ஸ் என்று எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 5 லட்சம். கூட்டிக் கழித்தால் 36,000 ரூபாய் துண்டு விழுகிறது. வீட்டுக்காரர் தானும் ஒரு ஆளாகப் போய் வாங்குகிற பங்கை வைத்து அந்தத் துண்டை அடைத்தால் வருடத்துக்கு ஒரு லட்சம் கூட மிஞ்சாது. அதில்தான் சோறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம்.

12 லட்சம் வந்தால் கதையே வேறு. போட்டுப் பங்கு 2,32,000. வருடக் கடைசியில் எல்லாம் போக எட்டே முக்கால் லட்சம் கையில் நிற்கும். 6 லட்சம் வந்தால் போட்டுக்கு 4,000 ரூபாய். ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, கடலில் அது ஒரு நாள் நீரோட்டம் மாறுகிற விஷயம். கரையில் அது ஒரு குடும்பம் இருப்பதும் இல்லாமல் போவதும். எத்தனை நல்ல வரவு வேண்டும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நான் அவரிடம் கேட்டது வேறு: அடுத்தடுத்து எத்தனை மோசமான வரவை நாம் தாங்குவோம்? யோசித்துவிட்டு, "ரெண்டு" என்றார். எனக்கு ஒன்று என்றுதான் பட்டது.

சரி, 48 லட்சம் எங்கிருந்து வரும்? எங்கள் கையிலும் சிட்டியிலும் (சீட்டுப் பணம்) நகையிலுமாக 8. வள்ளத்தையும் எஞ்சின்களையும் விற்றால் 6. வங்கி 18 வரை தரும் என்றார்கள். மீதி 16 லட்சம் தரகர். தரகர் பணத்துக்கு வட்டி இல்லை என்று சொல்வார்கள், உண்மைதான், தாளில் வட்டி இருக்காது. ஆனால் கடன் தீரும்வரை மீனை அவரிடம்தான் போட வேண்டும். 9 லட்சம் வீதம் எட்டு வரவு என்றால் 72 லட்சத்துக்கு மீன், அதில் 100க்கு 5 என்றால் வருடம் 3 லட்சத்து 60 ஆயிரம். அதில் ஒரு பகுதி அவர் ஏலம் விடுகிற உழைப்புக்கு, அதை நான் மறுக்கவில்லை, ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடித்தாலும் எடுக்கிறவர்கள் அவர்கள், டீசல் போட வழியில்லாமல் நிற்கிறபோது எந்த வங்கியும் வந்து நிற்காது. ஆனாலும் அந்த 3,60,000 போன பிறகும் 16 லட்சம் 16 லட்சமாகவே நிற்கும். அதிலிருந்து ஒரு ரூபாய் குறையாது. பக்கத்துத் துறையில் கூடுதல் விலை ஓடினாலும் நம் மீன் அங்கே போகாது.

அரசாங்கத் திட்டங்களையும் விசாரித்தேன். 2020இல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகுக்கு 1 கோடியே 20 லட்சம் வரை மதிப்பு வைத்து 40 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். என் பெயரில் போட்டால் 72 லட்சம் மானியம், மீதி 48 லட்சம். அதே 48! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அது புதுப் படகுக்கு, பழையதை வாங்கத் தரமாட்டார்கள். மனுப் போட்டு, பெயர் வந்து, கட்டி முடித்து, மானியம் கைக்கு வரும்வரை நம் பங்குப் பணத்தோடு காத்திருக்க வேண்டும். கையில் பணம் தேங்கி நிற்கிறவர்களுக்கு அது நல்ல வழி, கண்டிப்பாகப் பாருங்கள். கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு, 2 லட்சம் வரை, ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். அது போட்டு வாங்க உதவாது, எண்ணெய், ஐஸ் மாதிரி ஓடுகிற செலவுக்கு. இந்தப் பேச்செல்லாம் நடக்கும்வரை நான் அதை எடுக்காமலே இருந்தேன், 24 சதவீதத்துக்கு வெளியே கைமாற்று வாங்கிக்கொண்டு. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டீசல் சொல்கிறேன் என்றேனே. தமிழ்நாட்டில் பதிவான விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் விற்பனை வரி இல்லாத டீசல் தருகிறார்கள், 2023இல் 18,000இலிருந்து கூட்டினார்கள். நல்ல உதவிதான். ஆனால் எங்கள் ஆட்களின் போட்டுகள் கிடப்பது கொச்சியில், அங்கே அடிக்கிற டீசலுக்கு இந்தச் சலுகை வராது. பதிவு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு எப்போதும் உள்ள கதை.

தடைக்காலம் அதைவிடப் பெரிய விஷயம், இதை யாரும் முதலில் கணக்கில் எடுக்கவில்லை, என் மாமிதான் எடுத்தார். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. வள்ளத்துக்கு அந்தத் தடை இல்லை. அந்த ரெண்டு மாதத்தில்தான் கச்சான் என்கிற மேலைக் காற்றில் எங்கள் கரையில் அலை ஏறி அடித்து, இங்கிருந்து வள்ளம் இறக்க முடியாமல் எல்லோரும் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போவார்கள், திருவனந்தபுரத்துக் கரையிலிருந்தும் எங்கள் கரையிலிருந்தும் வள்ளங்கள் அங்கே நெருக்கியடித்துக் கிடக்கும், கணவாயும் அதோடு வருகிற மற்றதும் அப்போதுதான். எங்கள் வீட்டு வருட வருமானத்தில் பாதிக்குக் கிட்டே அந்த ரெண்டு மாதத்தில் வருவது. மாமி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "வள்ளம் வித்து போட்டு வாங்கினா, ஆனி ஆடியில ரெண்டும் இல்லாம கரையில இருக்கணும். தவணை மட்டும் இருக்காதா?" நோட்டில் நாலு பக்கம் எழுதியும் எனக்குத் தோன்றாதது.

கடலின் ஆபத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆனாலும் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓக்கிப் புயலைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுசாகாது. என் கூடப்பிறந்த அண்ணன் அப்போது ஒரு ஆழ்கடல் போட்டில் இருந்தான். பதினோரு நாள் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. லட்சத்தீவில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். வேறு போட்டுகள் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போய்ச் சேர்ந்தன. வராதவர்கள் வரவே இல்லை. எங்கள் ஊரில், பக்கத்து ஊர்களில், எந்தத் தெருவில் நடந்தாலும் அந்த வீடுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் போட்டு வேண்டாம் என்று அண்ணன் சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு. "ஓக்கியில வள்ளத்துல ஒரு ராத்திரி தொழிலுக்குப் போனவனும் போனான், போட்டுல போனவனும் போனான். கேபினும் வயர்லெஸும் இருந்ததால நாங்க தப்பினோம். பெரிசு ஆபத்து, சின்னது பத்திரம்னு நீ எழுதி வைக்காதே. எவ்வளவு தூரம் போறோம், சேதி எட்டுமா, அதை மட்டும் பாரு." அதைக் கேட்ட பிறகு பயத்தைக் காரணமாக வைத்துப் பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன். ஆனால் தூரம் என்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் மீன் குறையக் குறைய எங்கள் ஆட்கள் தள்ளித் தள்ளிப் போகிறார்கள், டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். போட்டைப் பறிகொடுத்தாலும் கடன் போகாது. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன போட்டில் கப்பல் மோதியதே, அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள்.

இன்னொன்று, ஆழ்கடல் வருமானமும் பழைய மாதிரி இல்லை. மாமாவின், அதாவது இவருடைய அப்பாவின், காலத்தில் சுறாவுக்கு மாமிசத்தைவிடத் துடுப்புக்குத்தான் பெரிய காசு. 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அப்புறம் பல இனச் சுறாக்களையும் திருக்கைகளையும் காட்டுயிர்ச் சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் ஏற்றி வந்தால் வழக்கு. சுறா அழியக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, குட்டிச் சுறாவை வாரிக் கொண்டுவந்து கொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மாமா சொல்கிற அந்தக் காலத்துப் பாட்டை வைத்து இந்தக் காலத்துக்குக் கடன் வாங்க முடியாது.

இவ்வளவு பேசியும் முடிவு வரவில்லை. அவருக்கு மனசு ஆறவில்லை, நோட்டில் எழுதின எண்ணை விடத் தன் கையை நம்புகிற ஆள் அவர், அதில் தப்பும் இல்லை. அப்போது மாமாதான் ஒரு வழி சொன்னார். வாங்குவதற்கு முன்னால் அந்தப் போட்டிலேயே ஒரு தடவை தொழிலாளியாகப் போய் வா. உடைமைக்காரரும் சம்மதித்தார். பிப்ரவரியில் போனார். 27 நாள். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவரை இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கடைசிப் பையன் தினமும் ராத்திரி வாசலில் செருப்பை எண்ணுவான்.

மார்ச்சில் திரும்பி வந்தபோது இளைத்துக் கறுத்திருந்தார். குளித்து, சாப்பிட்டு, ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். பிறகு சொன்னார். மீன் 7 லட்சத்து 80 ஆயிரத்துக்கு. மோசமில்லை. கேரை நன்றாகவே கிடைத்தது. ஆனால் மீன் அறையின் தெர்மோகோல் பல இடத்தில் ஊறிப்போய் ஐஸ் சீக்கிரம் உருகிவிடுகிறது. பதினைந்தாம் நாளே அடி வரிசையில் தண்ணீர் நின்றது. முதல் வாரம் பிடித்த கேரை கரைக்கு வரும்போது கண் வெளுத்து, வயிறு இளகி, ஏற்றுமதிக்கு எடுக்கிறவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போனார்கள், உள்ளூர் விலைக்குப் போனது. கியர் பாக்ஸில் ஒரு சத்தம். மேஸ்திரி சொன்ன இடத்தில் மோட்டார் ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அவருடைய பங்கு 9,870 ரூபாய். அதை எண்ணாமல் என் கையில் கொடுத்தார். "பயல்கள் அத்தனை பேரும் அசத்தலான தொழில்காரனுக. அவனுகளுக்கு மாசம் பத்தாயிரம் கூட கொடுக்க முடியாத போட்டுக்கு நான் முதலாளியா இருக்கணுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

தவக்காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். உடைமைக்காரருக்கு அவரே போன் செய்து சொன்னார், பலகை விஷயத்தையும் மீன் அறை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லி, அடுத்து வாங்குகிறவர்களுக்கு இதைச் சரி செய்து கொடுங்கள் அண்ணா என்றார். அப்புறம் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த ரெண்டு நாளை நான் எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இருபது வருட ஆசையைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொன்ன மனுஷன். கடற்கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். போய்ப் பேசலாமா என்று நினைத்து, போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கிரெடிட் கார்டில் 2 லட்சம் எடுத்து, எண்ணெய்க்கும் ஐஸுக்கும் வெளிவட்டிக்கு ஓடுவதை நிறுத்தினோம். அதில் மிச்சமானதோடு சிட்டி விழுந்த பணத்தையும் சேர்த்து வள்ளத்தில் நல்ல கனமான ஐஸ் பெட்டி ஒன்று கட்டினோம், ஃபைபர் துணியை அவரே வெட்டி, பசை பூசி, நாலு நாள் வேலை. அந்தப் போட்டின் மீன் அறையைப் பார்த்துவிட்டு வந்ததால் வந்த யோசனை. முன்பெல்லாம் கணவாயைத் தார்ப்பாயில் மூடிக் கொண்டு வருவார்கள், இப்போது ஐஸில் வருகிறது, கிலோவுக்கு 30, 40 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். பெரிய போட்டு ஆசையும் செத்துப் போகவில்லை. என் அண்ணனும் இன்னும் மூன்று சொந்தக்காரர்களும் சேர்ந்து ரெண்டு வருடம் கழித்து ஒரு போட்டு எடுக்கலாம் என்று பேசுகிறார்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் ஊர்ப் பக்கம் போட்டெல்லாம் அப்படித்தான், ஒருவனுக்குச் சொந்தமாக இருப்பது குறைவு. வள்ளத்தை விற்காமல் அந்தப் பங்கைப் போட முடிந்தால் போடுவோம், முடியாவிட்டால் இல்லை. அது மட்டும் தீர்மானம்.

2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு வெளியே கன்டெய்னர் கப்பல் மூழ்கிற்று அல்லவா, அந்த வாரம் எங்கள் கரை வரைக்கும் பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கியது, ஜனங்கள் மீன் வாங்கவே பயந்தார்கள், விழிஞ்ஞத்தில் விலை அப்படியே விழுந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் எண்ணெய்க் காசுகூடத் தேறவில்லை. அப்போது நான் அந்த 40,000 ரூபாய்த் தவணையை நினைத்துக்கொண்டேன். அவரும் நினைத்திருப்பார், கேட்கவில்லை. பிறகு ஜூலையில் கணவாய் வந்தது.

போட்டைப் பூத்துறைப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். 41க்கு முடிந்ததாம், பலகை மாற்றி, மீன் அறையைப் புதுசாகக் கட்டி, ஆகஸ்ட் முதல் வாரம் இறக்கினார்கள். முதல் வரவு இன்னும் வரவில்லை. நல்ல பாடு கிடைத்து பத்திரமாக வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் நானும் வேண்டிக்கொண்டேன்.

நேற்று விடியற்காலம் இவர்கள் வந்தது ஐந்தரைக்கு. அவர் மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் நோட்டை எடுத்து எழுதினேன். கணவாய் 38 கிலோ, கிலோ 320. அயலை ரெண்டு கூடை, 2,700. எண்ணெய் 3,900. ஐஸ் 360. நாலு பங்கு. நகையில் மூன்று பவன் போன வாரம் மீட்டாயிற்று, இன்னும் நாலு இருக்கிறது.